வேஃபரை மெல்லியதாக்கினால் செலவு எங்கே குறைகிறது? 150 மைக்ரானிலிருந்து 100 வரை

மெல்லேடு கேட்டது:

வணக்கம். சூரியமின் செல் செய்வதற்கான, 182 மில்லிமீட்டர் பக்கமுள்ள என்-வகை வேஃபர் (சிலிக்கன் கட்டியிலிருந்து அறுத்தெடுக்கும் மெல்லிய தகடு), தடிமன் 150 மைக்ரான், அறுக்கும் டயமண்ட் வயரின் உள்ளிழை 40 மைக்ரான். இதை முதலில் 130-க்கும், பிறகு 110-க்கும், முடிந்தால் 100-க்கும் இறக்கினால் ஒரு வாட்டுக்கான செலவு எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட வேண்டியிருக்கிறது. தடிமன் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் சிலிக்கன் செலவும் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று சில விளக்கப்படங்களில் போட்டிருக்கிறார்கள். அது சரியில்லை என்பது புரிகிறது. எவ்வளவு தவறு என்பதுதான் பிடிபடவில்லை.

செல் வகை இன்னும் முடிவாகவில்லை. டாப்கான் (உலையில் உயர் வெப்பத்தில் செய்யும் வகை), ஹெட்டரோஜங்ஷன் (படிக ஒழுங்கற்ற மெல்லிய சிலிக்கன் அடுக்கு பூசி, குறைந்த வெப்பத்தில் செய்யும் வகை) இரண்டுமே பரிசீலனையில் உள்ளன. மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். சிலிக்கனில் உண்மையான மிச்சம் எத்தனை கிராம்? மெல்லியதானால் மின்திறன் எவ்வளவு அடிவாங்கும்? உற்பத்தி வரிசையில் எந்தெந்த இடத்தில் உடையும், ஏன்? அறுப்பே இல்லாமல் மெல்லிய தகட்டை வளர்க்கும் முறைகள் இதற்கு மாற்றாக நிற்குமா என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

கம்பிவாள் எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். கட்டியிலிருந்து ஒரு வேஃபர் எடுக்கும்போது அதன் தடிமன் மட்டும் போவதில்லை, கம்பி தின்னும் பொடியும் கூடவே போகிறது. இந்த அறுப்புச் சேதாரம் கம்பியின் விட்டத்தைவிட எப்போதும் அதிகம். உள்ளிழைக்கு மேலே ஒட்டியிருக்கும் வைரத்துகளும், ஓடும்போது கம்பி பக்கவாட்டில் அதிர்வதும் அதில் சேரும். 40 மைக்ரான் உள்ளிழைக்கு 60 மைக்ரான் சேதாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நினைவில் வைக்க ஒரே எண் போதும். 182 மில்லிமீட்டர் வேஃபரின் பரப்பு சுமார் 330 சதுர சென்டிமீட்டர். சிலிக்கனின் அடர்த்தி 2.33. ஆகவே ஒவ்வொரு மைக்ரானும் 0.077 கிராம். இனி எல்லாமே பெருக்கல்தான்:

150 தடிமன் + 60 சேதாரம் = 210 மைக்ரான், 16.1 கிராம்
130 + 60 = 190 மைக்ரான், 14.6 கிராம்
100 + 60 = 160 மைக்ரான், 12.3 கிராம்
150 + 48 = 198 மைக்ரான், 15.2 கிராம்
130 + 48 = 178 மைக்ரான், 13.7 கிராம்
100 + 48 = 148 மைக்ரான், 11.4 கிராம்

தடிமன் 33% குறைந்தும் சிலிக்கன் 24%தான் குறைகிறது. நீங்கள் தேடிய பிழையின் அளவு இதுதான். நான்காவது வரியையும் பாருங்கள். தடிமனைத் தொடவே இல்லை, 28 முதல் 30 மைக்ரான் கம்பிக்கு மாறியதிலேயே கிட்டத்தட்ட ஒரு கிராம் மிச்சம். வேஃபர் அதே பலத்தோடு இருக்கும், செல் வரிசையில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அதனால் என் கருத்து: கம்பியை முதலில் மெலியுங்கள், வேஃபரைப் பிறகு.

கம்பி மெலிவதற்கும் விலை உண்டு. கம்பி தாங்கும் இழுவிசை விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 40-லிருந்து 30-க்கு வந்தால் தாங்குதிறன் 56% ஆகிவிடும். அந்த அளவில் கார்பன் எஃகு தாக்குப்பிடிப்பது கடினம். டங்ஸ்டன் கம்பிதான் வழி. மெல்லிய கம்பியில் ஒட்டும் வைரத்துகளும் சிறியவை, அவை சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய கம்பியை அதே வேகத்தில் தள்ளினால் கம்பி வில்லாக வளைந்து, கட்டியின் நடுப்பகுதி பின்தங்கும். அறுப்பு முடியும் இடத்தில் ஓரம் சில்லு சில்லாகப் பெயர்வது பெரும்பாலும் இதனால்தான். மேசை இறங்கும் வேகத்தைக் குறையுங்கள், அல்லது ஒவ்வொரு முன்பின் ஓட்டத்திலும் புதுக் கம்பி உள்ளே வரும் அளவைக் கூட்டுங்கள். இரண்டுமே செலவு என்பதால் கணக்கில் சேருங்கள்.

இன்னொன்று. கிராம் குறைந்தால் மூலப்பொருளான பாலிசிலிக்கனின் செலவும் படிகம் இழுக்கும் செலவும் அதே விகிதத்தில் இறங்கும். அறுக்கும் செலவு அப்படி இறங்காது. ஒரு வேஃபருக்கு அறுபடும் பரப்பு தடிமன் எதுவானாலும் ஒன்றுதான், கம்பித் தேய்மானமும் ஒன்றுதான். கழுவுதல், தரம் பிரித்தலும் அப்படியே நிற்கும். பலர் வேஃபர் செலவு முழுவதையும் 24% குறைத்துவிடுகிறார்கள், அது தவறு.

அறுத்த பிறகு வரும் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். 110-க்குக் கீழே வேஃபர்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டு தகடுகளுக்கு நடுவே நிற்கும் நீரின் பரப்பு இழுவிசை, மெல்லிய தகடு விறைத்து நிற்கும் வலுவை மீறிவிடுகிறது. அறுக்கும் போதே இப்படிச் சோடி சேர்ந்தால் கம்பிகளும் பக்கவாட்டில் இழுபட்டு, ஒரு தகடு தடித்தும் அடுத்தது மெலிந்தும் வரும். குளிர்நீரில் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் சேர்மத்தின் அளவைச் சரியாக வைத்து, பொடி தேங்காமல் வடிகட்டினால் பெரும்பகுதி சரியாகும். 100 மைக்ரான் என்று சொல்லி வாங்குவதில் ஒரே தகட்டுக்குள் 15 மைக்ரான் ஏற்ற இறக்கம் இருந்தால், அதன் மெலிந்த இடம்தான் உங்கள் உண்மையான தடிமன்.

பொடியை மீட்டு உருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: அது மிக நுண்ணிய தூள், மேற்பரப்பு முழுவதும் ஆக்சைடு, கூடவே கம்பியின் நிக்கலும் கார்பனும். நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனையும் விடும். மூடிய கலனில் ஈரத்தோடு வைக்கவே கூடாது, வெடிக்கலாம். உலோகக் கலவை போன்ற தரம் குறைந்த பயன்களுக்கு அனுப்பலாம். மறுபடி படிகம் இழுக்கும் தரத்துக்குச் சுத்தம் செய்ய ஆகும் செலவு பெரும்பாலும் மிச்சத்தைத் தின்றுவிடும்.

ஒளிப்பொறி எழுதியது:

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். சிலிக்கனில் ஒளி உறிஞ்சப்படும் ஆழம் நிறத்துக்கு நிறம் வெகுவாக மாறும். 600 நானோமீட்டருக்கு சுமார் 2.4 மைக்ரான், 800-க்கு 12, 900-க்கு 33. 1000-க்கு 150-ஐத் தாண்டிவிடும். 1100-க்கு 3 மில்லிமீட்டர் வரை போகும். ஆகவே 100 மைக்ரானுக்கு இறங்கும்போது இழப்பது 950-க்கு மேற்பட்ட அகச்சிவப்புப் பகுதியை மட்டுமே. அதையும் முன்பக்கப் பிரமிடுகளும் பின்பக்கப் பிரதிபலிப்பும் திரும்பத் திரும்ப உள்ளே சுற்றவிட்டுப் பெரும்பாலும் மீட்டுவிடும். அந்தப் பிரமிடு அமைப்பு (டெக்ஸ்ச்சர்) நன்றாக இருந்தால் 150-லிருந்து 100-க்கு வரும்போது சதுர சென்டிமீட்டருக்கு 0.3 மில்லிஆம்பியர் அளவில்தான் மின்னோட்டம் குறையும். மட்டமாக இருந்தால் 0.5-ஐத் தாண்டும். மொத்த மின்னோட்டம் 41.5 என்றால், அதில் 0.3 என்பது சுமார் 0.7%.

எதிர்ப்பக்கத்தில் ஒரு வரவும் உண்டு. வேஃபரின் உட்பகுதி குறைந்தால் அங்கே நடக்கும் மறுசேர்க்கையும் (ஒளி எழுப்பிய மின்துகள்கள் வீணாக மறைவது) குறைகிறது, அதனால் திறந்தசுற்று மின்னழுத்தம் ஏறும். மறுசேர்க்கை முழுவதும் உட்பகுதியில்தான் நடக்கிறது என்ற உச்சபட்ச நிலையில் ஏற்றம் 25.7 மில்லிவோல்ட் பெருக்கல் 1.5-இன் இயல் மடக்கை, அதாவது சுமார் 10 மில்லிவோல்ட். செல்லின் மின்னழுத்தம் 720 மில்லிவோல்ட் என்றால், அதில் 10 என்பது 1.4%. மின்னோட்டத்தில் போனதைவிட இது அதிகம்!

ஆனால் அந்த 10 மில்லிவோல்ட் தானாக வந்து சேராது. மேற்பரப்பு மறுசேர்க்கை வேகம் எஸ், தடிமன் டபிள்யூ என்றால், மேற்பரப்பு அனுமதிக்கும் ஆயுட்காலம் (மின்துகள் அப்படி மறையுமுன் இருக்கும் நேரம்) டபிள்யூ வகுத்தல் 2எஸ். எஸ் விநாடிக்கு 5 சென்டிமீட்டர் என்றால், 150 மைக்ரானில் 1.5 மில்லிவிநாடி, 100 மைக்ரானில் 1 மில்லிவிநாடி. எஸ் 50 ஆக இருந்தால் 100 மைக்ரானில் வெறும் 0.1 மில்லிவிநாடி. அப்போது உட்பகுதி எவ்வளவு தூய்மையாக இருந்தும் பயனில்லை. மேற்பரப்பை ஆளத் தெரிந்தவருக்கு மெலிவது இலாபம், தெரியாதவருக்கு நட்டம்.

இதனால்தான் ஹெட்டரோஜங்ஷன் மெல்லிய வேஃபரோடு நன்றாக ஒத்துப்போகிறது. இரு பக்கமும் 5 நானோமீட்டர் அளவிலான அமார்ஃபஸ் (படிக ஒழுங்கற்ற) சிலிக்கன் அடுக்கு மேற்பரப்பை அமைதியாக்கிவிடுகிறது. 2013-இலேயே பானசோனிக் 98 மைக்ரான் வேஃபரில் 24.7% திறனையும் 750 மில்லிவோல்ட்டையும் காட்டியது. 2024-இல் லாங்கி வெளியிட்ட ஹெட்டரோஜங்ஷன் வரிசையில் 125 மைக்ரானுக்கு 26.81%, 57 மைக்ரானுக்கு 26.06%. தடிமன் பாதிக்கும் கீழே போயும் இழந்தது முக்கால் சதவீதப் புள்ளி. கோட்பாட்டு உச்சமான 29.4 சதவீதமும் 110 மைக்ரான் தடிமனுக்குத்தான் கணக்கிடப்பட்டது. 150 என்பது இயற்பியல் கேட்ட எண் அல்ல, கையாளும் வசதிக்காக வந்த எண்.

டாப்கானில் முன்பக்கம் போரான் ஊட்டிய எமிட்டரும் (மின்துகள்களைப் பிரிக்கும் மேலடுக்கு) உலோகம் நேரடியாகத் தொடும் இடங்களும்தான் மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. உட்பகுதியைக் குறைப்பதால் வரும் வரவு அங்கே சிறிது, அகச்சிவப்பு இழப்போ அதேதான். டாப்கான் என்றால் 120 பக்கம் நின்றுகொள்வேன். ஹெட்டரோஜங்ஷன் என்றால் 100 வரை இறங்கத் தயங்க மாட்டேன்.

இதைப் பணமாக மாற்றும்போது "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்ற பழமொழியை மறக்காதீர்கள். ஒரு மாதிரிக் கணக்கு; விகிதங்களுக்குப் பதில் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். மாட்யூல் (செல்களைக் கோத்த பலகை) செலவில் சிலிக்கன் 10% என்றால், கம்பிவாள் சொன்ன 24% குறைப்பு மாட்யூலில் 2.4% மிச்சம். மாட்யூல் திறன் 23-லிருந்து 22.45 ஆனால் அந்த மிச்சம் அங்கேயே கரைந்துவிடும். மொத்த அமைப்பில் மாட்யூல் மூன்றில் ஒரு பங்கு என்றால் மிச்சம் 0.8% ஆகிறது. மீதிச் செலவு முழுவதும் பரப்போடு ஏறும் என்று கொண்டால், திறன் 0.18 புள்ளி இறங்கினாலே போதும், மிச்சம் காலி. இன்வெர்ட்டர் போன்றவை பரப்போடு ஏறாது என்பதால் உண்மையான வரம்பு 0.18-க்கும் 0.55-க்கும் நடுவில் எங்கோ இருக்கும். கண்ணாடி, சட்டம், தாங்கு கம்பம், பதிக்கும் வேலை எல்லாம் சதுர மீட்டருக்குத்தான் கணக்கு. கிராமை மிச்சம் பிடிக்கப் போய்ச் சதுர மீட்டரைக் கூட்டிவிடக் கூடாது.

தகடுகாவல் எழுதியது:

உடையும் இடங்களைப் பற்றி. வளைவுக்கு எதிரான விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 150-லிருந்து 100-க்கு வந்தால் விறைப்பு 30% மட்டுமே மிஞ்சும். உடைக்கத் தேவையான விசை இருமடிக்கு ஏற்ப, அது 44%. அதாவது தகடு எளிதில் உடைவதற்கு முன்பே எளிதில் வளைகிறது. மெல்லிய வேஃபர் பெரும்பாலும் தன் பலவீனத்தால் உடைவதில்லை. வளைந்து போய் எதிலாவது இடித்துக்கொண்டு உடைகிறது. இந்தக் கண்ணோடு வரிசையைப் பார்த்தால் பாதிப் பிரச்சினை தெரிந்துவிடும்.

விரிசல் பெரும்பாலும் ஓரத்தில்தான் தொடங்கும். கட்டியைச் சதுரமாக்கும்போது பக்கச் சுவர்களில் விழும் நுண்கீறல்களே வேஃபரின் ஓரமாக வருகின்றன. பக்கச் சுவரை மென்மையான சக்கரத்தில் கடைசியாக ஒருமுறை தேய்த்து, மூலைச் சரிவையும் மெருகேற்றிய பிறகு அறுத்தால் உடைவு கண்கூடாகக் குறையும். இதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரிந்து இல்லை.

அறுப்புத் தழும்பின் திசையும் முக்கியம். டயமண்ட் வயர் விட்ட கோடுகளுக்கு இணையான அச்சில் மடங்கினால் வேஃபர் எளிதில் பிளக்கும். குறுக்காக மடங்கினால் தாங்கும். வேஃபரைப் பெட்டியில் வைக்கும் போதே திசையை ஒன்றாக்கி, எங்கெல்லாம் வளைக்கப்படுகிறதோ அங்கே கோடுகள் மடங்கும் அச்சுக்குக் குறுக்கே வரும்படி அமையுங்கள்.

டெக்ஸ்ச்சர் தொட்டியில் சேர்க்கைப் பொருள் கலந்த நீர்த்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, 80 டிகிரி. பக்கத்துக்கு 3 மைக்ரான் எடுத்தால் வேஃபர் 0.46 கிராம் இழக்கும், எடை போட்டே சரிபார்க்கலாம். இதற்குக் கீழே போனால் அறுப்புச் சேதம் முழுதும் நீங்காமல் விரிசலின் வேர் உள்ளேயே தங்கிவிடும். 100 மைக்ரானில் மேலும் மிச்சம் பிடிக்கலாம் என்று இந்த அரிப்பைக் குறைப்பவர்கள் பிறகு உடைவில் அதைத் திருப்பிக் கட்டுகிறார்கள். பிரமிடுகள் 1 முதல் 2 மைக்ரானில் நிற்கட்டும். பெரிய பிரமிடின் பள்ளம் ஆழமான கீறலுக்குச் சமம்.

தொட்டியில் வேஃபர்கள் குமிழிகளால் தூக்கப்பட்டு மிதக்கும், பக்கத்துத் தகட்டோடு ஒட்டும். கேரியரின் காடி இடைவெளியைக் கூட்டுங்கள். ஒரு தொகுதிக்கு எண்ணிக்கை குறையும், அதைக் கணக்கில் எழுதுங்கள். குமிழி விடும் வேகத்தையும் உலர்த்தும் காற்றின் வேகத்தையும் குறையுங்கள். எடுக்கும்போது உறிஞ்சு கிண்ணம் ஒரே புள்ளியில் இழுக்காமல் பரந்த மென்பரப்பில் பிடிக்க வேண்டும், அல்லது காற்றோட்டத்தால் தொடாமல் தூக்கும் பெர்னூலி பிடிப்பான் வேண்டும்.

உலையில் வெப்பச்சுமை தடிமனோடு நேர் விகிதத்தில் குறையும். 130-லிருந்து 110 என்றால் 15% குறைவு. அதே அமைப்பில் ஓட்டினால் வேஃபர் விரைவாகச் சூடேறி உச்ச வெப்பம் எகிறும், மேலே அச்சிட்ட வெள்ளிப் பேஸ்ட் அளவுக்கு மீறித் துளைத்து மின்னழுத்தம் விழும். இதைப் பார்த்துவிட்டு "மெல்லிய வேஃபரின் தரம் மோசம்" என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. குற்றம் வேஃபருடையதல்ல, மாற்றாமல் விட்ட உலை அமைப்பினுடையது. வெப்பநிலைப் பதிவு எடுக்கும் மாதிரி வேஃபரும் அதே தடிமனில் இருக்க வேண்டும். பழைய 150 வேஃபரில் எடுத்த பதிவு பொய் சொல்லும்.

பின்பக்கம் முழுவதும் அலுமினியம் பூசும் பெர்க் என்ற செல் வகையில் தகடு கிண்ணம்போல் வளையும். அலுமினியம் சுருங்கும் அளவு சிலிக்கனைப்போல் ஏறத்தாழ 9 மடங்கு. வளைவு தடிமனின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் ஏறுவதால் 150-லிருந்து 100-க்கு 2.25 மடங்கு. பெர்க் வரிசையில் மெலிய முயலவே வேண்டாம். டாப்கானிலும் ஹெட்டரோஜங்ஷனிலும் இரு பக்கமும் மெல்லிய கோடுகள்தான் என்பதால் வளைவு பெரிதல்ல.

கடைசி இடர் செல்களைக் கோக்கும் இடம். செம்பு சிலிக்கனைவிட ஆறு மடங்குக்கு மேல் சுருங்கும். 183 டிகிரியில் உருகும் ஈயம்-தகரப் பற்றாசுக்குப் பதில், 140 டிகிரிக்குக் கீழே உருகும் பிஸ்மத் கலந்தது போட்டால் தங்கும் இழுவிசை குறையும். தட்டைப் பட்டைக்குப் பதில் மெல்லிய உருண்டைக் கம்பிகளை அதிக எண்ணிக்கையில் போட்டால் இழுவிசை பரவும். ஆனால் உருண்டைக் கம்பி லேமினேட்டரில் (மாட்யூலைச் சூட்டில் அழுத்தி ஒட்டும் கருவி) தகட்டை அழுத்தும். அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள், உறைப்படலத்தின் தடிமனைக் குறைத்துவிடாதீர்கள். இரு பக்கமும் கண்ணாடி வைத்த மாட்யூலில் செல் நடுத்தளத்தில் அமர்வதால் காற்றுச் சுமையில் மாட்யூல் வளைந்தாலும் அதில் இழுவிசை கிட்டத்தட்ட வராது. 110-க்குக் கீழே போகிறவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன்.

உடைவுக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம்? 130-லிருந்து 110-க்கு 1.54 கிராம் மிச்சம், அது சிலிக்கனில் 10.5%. முடிந்த செல்லின் செலவில் சிலிக்கன் மூன்றில் ஒரு பங்கு என்றால் 3.5% மிச்சம். கூடுதல் உடைவு முழுவதும் கடைசிக் கட்டத்தில் நடந்தால் 3.5%-ஐத் தொட்டதும் மிச்சம் தீர்ந்தது. முதல் தொட்டியிலேயே உடைந்தால் இழப்பு குறைவு. அதனால் பலவீனமான தகட்டை முதலிலேயே கண்டுபிடித்துத் தள்ளுவது, கடைசிவரை தாலாட்டிக் கொண்டுபோவதைவிட இலாபம். உள்ளே வரும் இடத்தில் அகச்சிவப்பு ஒளி செலுத்தி நுண்விரிசல் பார்க்கும் கருவி வைப்பது இதற்காகத்தான்.

மெல்லேடு எழுதியது:

மூவருக்கும் நன்றி. கம்பியை முதலில் மெலிவது என்ற வரிசை எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு பாக்கி: அறுக்காமல் வளர்க்கும் முறைகள், அப்புறம் வெள்ளி. சிலிக்கனில் கிராம் கணக்கில் மிச்சம் பிடித்துவிட்டு வெள்ளியில் விட்டுவிடுவோமோ என்ற கவலை.

நுண்துளை எழுதியது:

அறுக்காத வழிகளில் எனக்கு நம்பிக்கை தருவது நுண்துளை அடுக்கின்மேல் எபிடாக்ஸியாக (அடியிலுள்ள படிகத்தின் ஒழுங்கிலேயே) வளர்த்து உரித்தெடுப்பது. செய்முறை: நன்கு மாசூட்டிய (வேற்றணு சேர்த்த) தாய் வேஃபரை ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமும் எத்தனாலும் கலந்த கரைசலில் நேர்மின்வாயாக வைத்து மின்னரிப்பு செய்ய வேண்டும். முதலில் குறைந்த மின்னோட்டத்தில் 20-25% துளைமையுள்ள மேலடுக்கு, பிறகு மின்னோட்டத்தைக் கூட்டி அதற்கடியில் 50 சதவீதத்துக்கு மேல் துளைமையுள்ள பலவீன அடுக்கு. சுமார் 1100 டிகிரி ஹைட்ரஜனில் சுட்டால் மேலடுக்கின் துளைகள் மூடி ஒற்றைப் படிக விதையாகிவிடும், அடியடுக்கு ஆங்காங்கே தூண்கள்போல் நிற்கும். அதன்மேல் ட்ரைகுளோரோசைலேன் வாயுவிலிருந்து படிகம் வளரும். நிமிடத்துக்கு 3 மைக்ரான் என்றால் 100 மைக்ரானுக்கு 33 நிமிடம். பிறகு உரித்து, தாய் வேஃபரைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தலாம்.

பாலிசிலிக்கன் செய்யும் சீமென்ஸ் உலை, படிகம் இழுத்தல், அறுப்பு மூன்றையும் ஒரே தாவலில் தாண்டிவிடுகிறது. ஆக்சிஜனும் குறைவு, மாசூட்டலை வளரும்போதே நிர்ணயிக்கலாம். ஆனால் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். விதை அடுக்கில் ஒரு துளை சரியாக மூடாவிட்டால் அங்கிருந்து அடுக்குப் பிழை கிளம்பி மேல்வரை போகும், அது ஆயுட்காலத்தைத் தின்னும். வாயுவில் பெரும்பகுதி படியாமல் வெளியேறும். குளோரோசைலேனையும் ஹைட்ரஜன் குளோரைடையும் மீட்கும் ஆலை பக்கத்தில் இல்லாவிட்டால் செலவு தாங்காது. தாய் வேஃபரும் ஒவ்வொரு சுற்றிலும் சில மைக்ரான் தேயும், ஓரத்தில் உரியாமல் ஒட்டிக்கொண்டு கிழியும். எத்தனை சுற்றுக்கு அது தாங்குகிறது என்பதே செலவுக் கணக்கின் அச்சாணி.

உருகிய சிலிக்கனிலிருந்து நேராக நாடாவாக இழுக்கும் முறைகளில் சேதாரம் இல்லை, ஆனால் கிடைப்பது பல்படிகம். இன்றைய ஒற்றைப் படிகச் செல்லோடு திறனில் போட்டியிட முடியவில்லை. ஒளிப்பொறி போட்ட சதுர மீட்டர் கணக்கில் தோற்றுவிடும்.

கண்ணாடிமேல் படிய வைக்கும் மெல்லேட்டுச் சிலிக்கனும் அதே கணக்கில்தான் தோற்றது. அமார்ஃபஸ் அடுக்கு 300 நானோமீட்டர்தான், சிலிக்கன் செலவு இல்லை என்றே சொல்லலாம். ஆனால் 1977-இல் ஸ்டேப்ளரும் ரான்ஸ்கியும் காட்டியபடி வெயில் பட்டதும் திறன் இறங்கும். அதை ஈடுகட்ட மைக்ரோகிரிஸ்டலைன் அடுக்கைச் சேர்த்தால் 2 மைக்ரான் வேண்டும். விநாடிக்கு அரை நானோமீட்டர் படிந்தால் 67 நிமிடம், அவ்வளவு நேரமும் விலையுயர்ந்த வெற்றிட அறை அதற்கே அடைபட்டிருக்கும். ஓர்லிகான் நிறுவனத்தின் இந்தப் பிரிவை 2012-இல் வாங்கிய டோக்கியோ எலக்ட்ரான் 2014-இல் இத்தொழிலிலிருந்தே விலகியது. அந்த உழைப்பு வீணாகவில்லை. அமார்ஃபஸ் அடுக்கைப் பிளாஸ்மாவில் சீராகப் படிய வைக்கும் அறிவுதான் இன்று ஹெட்டரோஜங்ஷனின் உயிர்நாடி.

பசைக்கோடு எழுதியது:

வெள்ளி பற்றி. மெலிவதால் வெள்ளி குறையாது, ஒரு வகையில் கூடவே வாய்ப்பு உண்டு. ஹெட்டரோஜங்ஷனில் மின்னோட்டம் பக்கவாட்டில் விரல்கோட்டுக்கு (மேலே அச்சிட்ட மெல்லிய வெள்ளிக்கோடு) நகர வேஃபரின் உட்பகுதியும் வழிவிடுகிறது. 1 ஓம்-சென்டிமீட்டர் வேஃபர் 150 மைக்ரானில் 67 ஓம் தள மின்தடை, 100 மைக்ரானில் 100 ஓம். அதை ஈடுகட்டக் கோடுகளை நெருக்கினால் வெள்ளி ஏறும். கோட்டைக் குறுக்கியபடியே நெருக்குங்கள், எண்ணிக்கை ஏறினாலும் எடை ஏறாது.

பெரிய குறைப்பு, விரல்கோடுகளின் மின்னோட்டத்தைச் சேர்க்கும் முக்கியக் கோடுகளை அடியோடு நீக்குவதில் உள்ளது. கம்பிகளை நேரடியாக விரல்கோடுகள்மேல் படலத்தாலோ பசைப்புள்ளியாலோ பிடித்து, லேமினேட்டர் வெப்பத்திலேயே இணைத்துவிடலாம். தகடுகாவல் சொன்ன இழுவிசையும் இதில் பரவலாகிறது. ஆக, வெள்ளியைக் குறைக்கும் இதே வழி மெல்லிய தகட்டையும் காக்கிறது. ஒட்டு சரியாகப் பிடிக்காவிட்டால் வெப்ப ஏற்ற இறக்கச் சோதனையில் தொடர்பு விட்டுப்போகும். அந்தச் சோதனையைச் சுருக்காதீர்கள்.

ஹெட்டரோஜங்ஷனில் 200 டிகிரியைத் தாண்டுவதில்லை என்பதால் வெள்ளி பூசிய செம்புத்தூள் பேஸ்ட் ஒத்துக்கொள்ளும். டாப்கானின் உலை வெப்பத்தில் செம்பு ஆக்சைடாகும், சிலிக்கனுக்குள் ஊடுருவி ஆயுட்காலத்தைக் கெடுக்கும். அந்தப் பேஸ்ட்டை அப்படியே அங்கே போட முடியாது. அங்கே மின்முலாம் செம்பு என்றால் அடியில் நிக்கல் தடுப்பு அடுக்கு கட்டாயம். இண்டியமும் ஒரு செலவு. ஒளியை விட்டு மின்னோட்டத்தைக் கடத்தும் இண்டியம் ஆக்சைடு அடுக்கை 100-லிருந்து 50 நானோமீட்டராக்கி மேலே சிலிக்கன் நைட்ரைடு போட்டால் ஒளியியல் பாழாகாமல் பாதி மிச்சம்.

மெல்லேடு எழுதியது:

அப்படியானால் 130 வேஃபர், 30 மைக்ரான் கம்பி, முதல் சோதனைக்கு 500 தகடு என்று தொடங்கலாமா?

தகடுகாவல் எழுதியது:

500 எதற்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள். உலை அமைப்பு, டெக்ஸ்ச்சர் நேரம், மின்திறன் ஒப்பீடு இவற்றுக்கு 500 தாராளம். உடைவு விகிதத்துக்குப் போதாது. 500-இல் ஒன்றுகூட உடையாவிட்டாலும், உண்மையான உடைவு 0.6% வரை இருக்கலாம் என்பதைத்தான் அது சொல்லும். 1% உடைவையும் 1.5% உடைவையும் நம்பகமாகப் பிரித்தறிய ஒவ்வொரு தடிமனுக்கும் சுமார் 7,700 தகடு ஓட வேண்டும். ஆகவே முதல் 500-ஐ அமைப்புகளுக்குச் செலவிடுங்கள். பிறகு பழையதும் புதியதும் ஒரே கட்டியின் ஒரே பகுதியிலிருந்து வரும்படி அறுத்து, மாற்றி மாற்றி ஓட்டுங்கள். வேறு வேறு கட்டி என்றால் ஆயுட்கால வேறுபாட்டைத் தடிமன் வேறுபாடு என்று தவறாக எண்ணிவிடுவீர்கள்.

உடைந்ததை எண்ணினால் மட்டும் போதாது. எந்த நிலையத்தில், எந்த ஓரத்தில், தழும்புக்கு இணையாகவா குறுக்காகவா என்று துண்டோடு குறித்து வையுங்கள். எலக்ட்ரோலூமினசென்ஸ் படம் (மின்னோட்டம் செலுத்தி, செல் ஒளிர்வதைப் பிடிப்பது) கோத்த பிறகு ஒன்று, லேமினேட் செய்த பிறகு ஒன்று, இரண்டும் வேண்டும். முதலில் இல்லாத விரிசல் இரண்டாவதில் வந்தால் அழுத்த ஏற்றத்தையும் உறைப்படலத்தையும் பாருங்கள். முதலிலேயே கம்பியோரமாக இருந்தால் பற்றாசு வெப்பத்தைப் பாருங்கள்.

கம்பிவாள் எழுதியது:

ஒரு திருத்தம். கம்பியையும் தடிமனையும் ஒரே சோதனையில் மாற்றாதீர்கள். 150 தடிமனிலேயே 30 மைக்ரான் கம்பியை முதலில் ஓட்டி, ஒரே தகட்டுக்குள் தடிமன் வேறுபாடும் ஓரச் சில்லும் பழைய அளவுக்கு வந்த பிறகு 130-க்கு இறங்குங்கள். இல்லாவிட்டால் உடைவு ஏறியது கம்பி விட்ட தழும்பாலா, தகடு மெலிந்ததாலா என்று கடைசிவரை பிரித்துச் சொல்ல முடியாது.